குழி தின்ற டயருக்கு யார் பணம் தருவது?

மும்பையில் மழை பிடித்துவிட்டால் டாக்சி டிரைவர்களுக்கு இரண்டு கவலைகள் வந்து சேருகின்றன. சயான், கிங்ஸ் சர்க்கிள், இந்துமாதா பக்கங்களில் தேங்கும் தண்ணீரில் வண்டி நின்றுவிடுமோ என்பது ஒன்று. அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்பது மற்றொன்று. முதல் கவலை சில மணி நேரத்தில் வடிந்துவிடும். இரண்டாவது கவலை விநாயகர் சதுர்த்தி கடந்து, தசரா கடந்து, தீபாவளி வரையிலும் நீடிக்கும். மராத்தியில் 'கட்டா' என்று சொல்லப்படும் சாலைக்குழிதான் அது.

சாலைக்குழிகள் உயிரைக் குடிக்கின்றன என்பது புதிய செய்தி அல்ல. 2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் 14,926 பேர் குழிகளால் நேர்ந்த விபத்துகளில் மாண்டார்கள் என்ற கணக்கு 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் முன் வைக்கப்பட்டபோது, எல்லையில் மாள்கிறவர்களைவிட இது அதிகமாக இருக்கும் போலிருக்கிறதே என்று நீதிபதிகள் வேதனைப்பட்டார்கள். 2022-ம் ஆண்டில் மட்டும் 1,856 பேர் இவ்வாறு இறந்ததாக மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. 2015-ல் ஜோகேஸ்வரி - விக்ரோலி இணைப்புச் சாலையின் குழிக்கு மகனைப் பறிகொடுத்த தாதாராவ் பில்ஹோரே, அதன்பின் நகரின் குழிகளைத் தம் கையாலேயே நிரப்பத் தொடங்கியதை மும்பைவாசிகள் அறிவார்கள்.

இவையெல்லாம் பேசப்பட வேண்டியவை, பேசப்பட்டும் வருகின்றன. பேசப்படாத நஷ்டம் ஒன்று உண்டு. உயிர் போனால் செய்தியாகிறது. கை கால் போனால் வழக்காகிறது. டயர் போனால் மட்டும் அது டிரைவரின் தலையெழுத்து என்று விடப்படுகிறது.

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர், மான்குர்டு பகுதிகளில் வசிக்கும் தமிழர்களில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிழைக்கிறவர்கள் ஏராளம். டாக்சி ஓட்டுகிறவர்கள், ஆப் கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூட வேன், டெம்போ, கம்பெனி வண்டி ஓட்டுகிறவர்கள் என்று பல விதம். ஆபீசில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, பிராவிடண்டு பண்டில் கடன் போட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு டயரின் விலை சின்ன விஷயம் அல்ல.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டாக்சியாக அதிகம் ஓடும் சிறிய கார் ஒன்றின் டயர், நல்ல கம்பெனிச் சரக்காக வாங்கினால், நாலாயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகிறது. கேஸ் செலவு, வண்டி வாடகை எல்லாம் போக ஒரு டிரைவரின் கையில் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு குழி அவருடைய நாலு நாள் உழைப்பை விழுங்கிவிடுகிறது. சக்கர வளையம் நெளிந்திருந்தால் அதை நிமிர்த்தக் கூலி. வீல் அலைன்மெண்ட், பாலன்சிங் கூலி தனி. வண்டி நின்ற அரை நாள் சம்பாத்தியம் தனி. வண்டி சொந்தமாக இல்லாமல் ஷிப்டுக்கு எடுத்து ஓட்டுகிறவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். "பார்த்து ஓட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டு டயர் காசை வாடகையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. சாலையைப் போட்டவரைக் கேட்க வேண்டிய கேள்வி, சாலையில் ஓட்டியவரிடம் கேட்கப்படுகிறது.

இந்த நாலாயிரம் ரூபாய்தான் ஆபத்துக்கும் வித்தாகிறது. எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குழியில் இறங்கும் சக்கரத்துக்கு இறங்குவதால் பெரிய சேதமில்லை. ஏறும்போதுதான் கேடு. குழியின் எதிர்க் கரையில், உடைந்த தாரின் கூரிய விளிம்பில் டயர் மோதுகிறது. ஒரு பக்கம் அந்த விளிம்பு, மறுபக்கம் இரும்பு வளையம். நடுவில் டயர், பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கைப்போல் நசுங்குகிறது. இன்றைய கார்களில் உள்ள ரேடியல் டயரில் தரையில் படும் பாகத்துக்கு அடியில்தான் எஃகுப் பட்டைகள் இருக்கின்றன. பக்கச் சுவரில் இருப்பவை ஒன்று அல்லது இரண்டு அடுக்கு பாலியெஸ்டர் இழைகள் மட்டுமே. நசுங்கும்போது அந்த இழைகள் உள்ளுக்குள் அறுந்துவிடுகின்றன. வெளி ரப்பர் கிழியாமல் இருப்பதால் காற்று இறங்குவதில்லை. டிரைவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. சில மணி நேரத்திலோ சில நாளிலோ, அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளி, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து ஒட்டியதுபோல ஒரு புடைப்பு தோன்றுகிறது.

அந்தப் புடைப்புக்கு மருந்து கிடையாது. பஞ்சர் கடையில் அதற்கு ஒட்டுப் போட முடியாது. தரையில் படும் பாகத்தில் ஆணி குத்திய சிறு ஓட்டையை அடைக்கலாம். அதுவும் ஆறு மில்லி மீட்டருக்கு மேல் இருந்தால் அடைப்பது தவறு என்பதே டயர்த் தொழிலில் பொதுவான விதி. பக்கச் சுவரில் வெட்டோ புடைப்போ கண்டால், டயர் வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்தாலும், அதைக் கழற்றிப் போட வேண்டியதுதான். வெயிலில் சூடேறிய சாலையில், பின்சீட்டு நிறைய ஆளும் டிக்கியில் பாரமுமாக எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது வெடித்தால், வண்டியை நேராக நிறுத்துவது எத்தனை தேர்ந்த டிரைவருக்கும் அரிது.

ஆனால் நடப்பது என்ன? "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், மாசக் கடைசி கழியட்டும்" என்று புடைத்த டயரைப் பின்சக்கரத்துக்கு மாற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்சக்கரம் என்றால் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை. அது தவறான நம்பிக்கை. பின்சக்கரம் வெடித்தால் வண்டியின் வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். கேஸில் ஓடும் வண்டிகளில் டிக்கியில் உள்ள சிலிண்டரின் பாரமும் பின்சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது.

பழைய டிரைவர்கள் சிலர் இன்னொரு யோசனை சொல்வார்கள். டயரின் உட்புறம் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து, டியூபை ஏற்றி ஓட்டிவிடலாம் என்பார்கள். பிரீமியர் பத்மினி காலத்தில் அது நடந்த காரியம்தான். பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு மும்பைச் சாலையிலிருந்து விடைபெற்றுப் போய்விட்டது. அந்தக் காலத்துக் குறுக்கிழை டயருக்குப் பக்கச் சுவர் தடிமன், வேகமும் குறைவு. இன்றைய டியூப் இல்லாத ரேடியல் டயருக்கு அந்த வைத்தியம் ஆகாது. உள்ளே வைத்த துண்டு உராய்ந்து சூடேறும். சூடே ரேடியல் டயருக்கு எமன்.

செகண்ட் ஹாண்ட் டயரும் இப்படித்தான். குர்லா பக்கத்துக் கடைகளில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு டயர் கிடைக்கிறது என்று கேட்டதும் ஆசை பிறப்பது இயல்பே. அவற்றில் நல்லவையும் இருக்கலாம். ஆனால் தேய்ந்து வழவழப்பான டயரில் கத்தியால் புதிதாகக் கோடு கீறி, கறுப்புச் சாயம் பூசி அடுக்கிவைக்கும் தந்திரமும் உண்டு. கீறுகிற கத்தி எஃகுப் பட்டையைத் தொட்டுவிட்டால் அதில் மழைத் தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும். வாங்குகிறவருக்கு அது வெளியே தெரியாது. லாரி டயருக்கு ரீட்ரெடிங் செய்வதைப் பார்த்துவிட்டு, கார் டயருக்கும் அப்படித்தானே என்று நினைத்து ஏமாறக் கூடாது. தேய்மானத்துக்குச் சட்டத்திலேயே அளவு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காரின் டயரில் கோட்டின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லி மீட்டர். டயரின் கோடுகளுக்கிடையே சிறு சிறு மேடுகளாக ரப்பர் வைத்திருப்பதே அந்த அளவைக் காட்டத்தான். மேடும் டயரும் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

புது டயர் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்காமல், டயர் சொல்வதைப் படித்துப் பார்ப்பது நல்லது. 165/80 ஆர் 14 85டி என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 165 மில்லி மீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எண்பது, ஆர் என்றால் ரேடியல், 14 என்பது வளையத்தின் குறுக்களவு அங்குலத்தில். 85 என்பது அந்த ஒரு டயர் தாங்கும் பாரத்தின் குறி. 515 கிலோ என்று பொருள். டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரை என்ற வேகக் குறி. கார்க் கம்பெனி சொன்ன அளவுக்கும் பாரத்துக்கும் குறைந்த டயரை, விலை மலிவு என்பதற்காக மாட்டக் கூடாது. பிறகு ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2325 என்று இருந்தால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. இரண்டு மூன்று வருஷமாகக் கடையில் கிடந்த சரக்கைப் புதுச் சரக்கின் விலைக்குத் தள்ளிவிடுவதைத் தடுக்க இந்த நான்கு எண்கள் போதும்.

விலையில் ஒரு சிறு ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 3,500 ரூபாய் உள்ள டயருக்கு முன்பு 4,480 ரூபாய் கொடுக்க வேண்டும்; குறைப்புக்குப்பின் 4,130 ரூபாய். பில் இல்லாமல் இன்னும் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல. பில் இல்லாவிட்டால் உற்பத்திக் குறைக்குக்கூடக் கம்பெனியைக் கேட்க முடியாது. டயர் எந்தக் கேட்டுக்கு ஆளானது என்று பின்னால் நிரூபிக்கவும் அந்தக் காகிதம்தான் சாட்சி.

ஒரு டயர் மட்டும் போயிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா? ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களும் ஒரே வகையாகவும் ஏறத்தாழ ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும். ஸ்டெப்னி நன்றாக இருந்தால் அதையும் புதியதையும் ஜோடி சேர்க்கலாம். புதிய ஜோடியை முன்னால் போடுவதே நம்மவர்களின் வழக்கம். பின்னால் போடுங்கள் என்கின்றன டயர்க் கம்பெனிகள். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் தெரிவதற்குள் வண்டி திரும்பிவிடும்.

ஸ்டெப்னியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்ற தெருவில் 1904 வாக்கில் இரண்டு சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள்; அந்தத் தெருவின் பெயர் இன்றும் மும்பை முதல் மதுரை வரை வழங்குகிறது. இப்போதோ, சக்கரத்தின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் அடைக்கும் சாமானும் உள்ள டியூப் இல்லாத டயர்க் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்திவிட்டது. வழவழப்பான சாலைகளுக்கு அது சரி. பக்கச் சுவரைக் கிழிக்கும் குழிகள் உள்ள ஊரில் பஞ்சர் பசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கார் வாங்குகிறவர் டிக்கியில் ஸ்டெப்னி உண்டா என்று முதலில் பார்ப்பதே நல்லது. இருக்கும் ஸ்டெப்னியிலும் மாதம் ஒரு முறை காற்று பார்க்க வேண்டும். தேவைப்படும் அன்று அது காற்றில்லாமல் கிடப்பதுதான் பல வண்டிகளின் கதை.

குழியில் இறங்கியதும் டமார் என்று சத்தம் கேட்டு, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால், பதறிப்போய் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரை விட்டு, மெதுவாக ஓரம் கட்ட வேண்டும். ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயின் நடுப்பட்டையில் நிறுத்திவிட்டு ஜாக்கி போடுவது, டயரைக் காப்பாற்றி உயிரைக் கொடுப்பதாகும். டயர் நாசமானாலும் சரி என்று, பத்திரமான சமதரை வரைக்கும் மெல்ல உருட்டிப் போய்விடலாம். பிரயாணிகளை இறக்கி ஓரமாக நிற்கச் சொல்லி, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொண்டு, அதன்பிறகே ஜாக்கி ஏற்ற வேண்டும். நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரும் புதிருமாக முடுக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை முடுக்கிப் பார்ப்பதை அனேகர் மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் டிரைவர் தெரிந்துகொள்ளலாம், செய்யலாம். செலவை யார் ஏற்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பாலிசியின் பின்பக்கத்துச் சிறு எழுத்துக்களைப் படித்துப் பார்க்கட்டும். வழக்கமான முழுப் பாலிசியில், டயருக்கும் டியூபுக்கும் மட்டும் ஏற்பட்ட சேதத்துக்கு ஒன்றும் கிடையாது. அதே சமயத்தில் வண்டிக்கும் சேதம் நேர்ந்திருந்தால்தான் உண்டு. அதுவும் மாற்றும் செலவில் பாதிக்கு மேல் இல்லை. அந்தப் பாதியைக் கேட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் பாதியும் கிடையாது. டயருக்கென்று தனியாகச் சேர்க்கும் பாதுகாப்புக்குத் தனிப் பிரீமியம் கட்ட வேண்டும். டயர்க் கம்பெனியின் உத்தரவாதமோ உற்பத்திக் குறைக்குத்தான். புடைத்த டயரை எடுத்துப் போனால், மோதலால் வந்தது, எங்கள் குற்றமல்ல என்று திருப்பித் தருவார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. குற்றம் டயருடையது அல்ல, சாலையுடையது.

சாலைக்கு உடையவர் யார்? 1888-ம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம், தெருக்களைப் பராமரிப்பதை மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சாலை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று மும்பை ஐகோர்ட்டு 2015-ல் தெளிவாகச் சொன்னது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்ற பிரிவு புகுந்தது. சாலையை உரிய தரத்தில் அமைக்காத, பராமரிக்காத அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அது. ஆனால் மரணமோ ஊனமோ நேர்ந்திருந்தால்தான்.

2025 அக்டோபர் 13-ந் தேதி மும்பை ஐகோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. குழியாலோ திறந்த பாதாளச் சாக்கடையாலோ இறந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், காயமடைந்தவருக்குக் காயத்தின் தன்மையைப் பொறுத்து 50 ஆயிரம் முதல் 2.5 லட்சம் ரூபாய் வரை நஷ்டஈடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மாநகராட்சிப் பகுதிகளில் இதை முடிவு செய்ய, கமிஷனரும் மாவட்டச் சட்ட உதவி ஆணையத்தின் செயலாளரும் அடங்கிய கமிட்டியையும் அமைத்துக் கொடுத்தது. குழி பற்றித் தகவல் வந்தால் 48 மணி நேரத்தில் கவனிக்க வேண்டும் என்றும் கூறிற்று. காண்டிராக்டரின் பையிலும் அதிகாரியின் பையிலும் கை வைத்தால்தான் சாலை திருந்தும் என்ற நோக்கம் அந்த உத்தரவில் இருக்கிறது. அது வரவேற்க வேண்டிய நோக்கம்.

ஆனால் உயிருக்கும் உடம்புக்கும் ஈடு கிடைக்க வழி பிறந்த பிறகும், டயருக்கும் வண்டிக்கும் வழி பிறக்கவில்லை. நாலாயிரம் ரூபாய்க்காக வக்கீல் வைத்து சிவில் கோர்ட்டுக்குப் போகிறவர் யார்? போனால் டயர் விலையைப்போல் பல மடங்கு செலவாகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். ஆகவே எவரும் போவதில்லை. எவரும் வருவதில்லை என்பதையே, எந்தக் குறையும் இல்லை என்பதற்கு அத்தாட்சியாக ஆபீசில் வைத்துக்கொள்கிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், குழியால் டயரோ வளையமோ கெட்டால், அந்தச் சாலைக்குப் பொறுப்பான உள்ளூர்க் கவுன்சிலுக்குப் படிவம் எழுதிப் பணம் கேட்கலாம். சாலையை நியாயமான இடைவெளிகளில் பார்வையிட்டுப் பழுது பார்த்து வந்தோம் என்று கவுன்சில் நிரூபித்தால், 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி அது தப்பிக்கலாம். பலருடைய மனுக்கள் தள்ளப்படுவதும் உண்டுதான். ஆனால் நிரூபிக்கும் பாரம் கவுன்சிலின் மேல் விழுவதால், எந்தச் சாலையை எந்தத் தேதியில் யார் பார்த்தார் என்று எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. அந்தக் கட்டாயம் மும்பைக்கும் தேவை.

பொய் மனுக்கள் குவிந்துவிடும் என்று அதிகாரிகள் ஆட்சேபிக்கலாம். தடுப்பது கடினமல்ல. இடம், நேரம் தெரியும்படி எடுத்த போட்டோ, புகார் எண், வரி எண்ணோடு கூடிய டயர்க் கடை பில், கெட்டுப்போன டயர் ஆகிய நான்கையும் வார்டு ஆபீசில் கொண்டுவந்து காட்டச் சொல்லலாம். பணம் கொடுத்ததும் டயரின் விளிம்பை வெட்டி அடையாளம் செய்துவிட்டால் அதே டயர் இரண்டாம் முறை வராது. காண்டிராக்டரின் குறைநீக்கப் பொறுப்புக் காலம் முடியாத சாலையாக இருந்தால், கொடுத்த தொகையை அவருடைய டெபாசிட்டிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். 2023-ல் தொடங்கிய ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சிமெண்டுச் சாலைத் திட்டத்துக்கு ஆறாயிரம் கோடி ரூபாய் என்று கணக்குப் போட்ட மாநகராட்சிக்கு, டயர் பில்லைப் பார்த்து மயக்கம் வரக் காரணமில்லை. சிமெண்டுச் சாலையும் பழைய தார்ச் சாலையும் சேரும் இடத்தில், கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டி மூடிய இடத்தில்தான் கரை கூரிய குழிகள் விழுகின்றன என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பில்கள் எந்த இடத்திலிருந்து வருகின்றன என்று பார்த்தால் இஞ்சினீயர்களுக்கும் தெரிந்துவிடும்.

சாலை எங்களுடையது அல்ல என்று ஒருவரை ஒருவர் காட்டும் பழக்கமும் இருக்கிறது. ஈஸ்டர்ன், வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேக்கள் 2022-ல் மாநகராட்சியின் கைக்கு வந்தன. சயான் - பன்வேல் சாலை மாநிலப் பொதுப்பணித் துறையுடையது. துறைமுகப் பகுதிச் சாலைகள் துறைமுக நிர்வாகத்தினுடையவை. தானேயைத் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். செம்பூரிலிருந்து வாஷிக்கு ஒரு சவாரி போகும் டிரைவர் எந்தக் குழி எந்த இலாகாவுக்குச் சொந்தம் என்று இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மனுவை ஓரிடத்தில் வாங்கிக்கொண்டு, உரியவருக்கு அனுப்பும் வேலையை ஆபீஸ்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரையில் டிரைவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. டயர் கெட்ட இடத்தில், போக்குவரத்து இடம் கொடுத்தால், குழியையும் டயரையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொள்வதற்கு ஒரு நிமிஷம் போதும். மாநகராட்சியின் 1916 எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். எழுதத் தெரிந்த குமாஸ்தா நண்பர்கள், தங்கள் சாலில் குடியிருக்கும் டிரைவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். ஊர்ச் சங்கங்களும் டாக்சி யூனியன்களும் பில் நகல்களைச் சேர்த்து வார்டுவாரியாகக் கொடுக்கலாம். தனி மனிதன் கொண்டுபோகும் ஒரு பில்லை மேஜை மேலேயே ஒதுக்கிவைத்துவிடுவார்கள். ஒரே சாலையின் பெயர் போட்ட இருநூறு பில்களை ஒதுக்கிவைக்க மேஜையில் இடம் இருக்காது.

நஷ்டஈட்டுக் கமிட்டிக்கு, வாகனச் சேதத்தையும் விசாரிக்கும் அதிகாரம் வேண்டும் என்று ஐகோர்ட்டையும் மாநில அரசையும் கேட்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு மேல், இருபதாயிரம் ரூபாய்க்குள் உள்ள சேதத்தை வார்டு அதிகாரியே முடித்துவைக்கும்படி உத்தரவு வந்தால் போதுமானது. மழைக்கு முன் மே 31-ந் தேதிக்குள் சாலை வேலைகளை முடிக்க வேண்டும் என்று வருஷந்தோறும் மாநகராட்சி கெடு வைப்பது வழக்கம். ஒரு பக்கத்துப் படிவம் ஒன்றை மராத்தி, இந்தி, ஆங்கிலம், தமிழ் ஆகிய மொழிகளில் அச்சிட்டு, அதே தேதிக்குள் எல்லா வார்டு ஆபீஸ்களிலும் வைப்பதற்கு தார் வேண்டாம், டெண்டர் வேண்டாம். கமிஷனரின் ஒரு கையெழுத்து போதும்.